வயதைத் திருத்த விடாத மல்லிகா டீச்சர்

சில நாள் முன்பு காலையில் நம் உப்புத் தொழிலாளர் சங்க அலுவலகத்தைத் திறந்துகொண்டிருந்தேன். இராமநாதபுரம் பஸ்ஸில் வந்திறங்கிய எழுத்தர் கண்ணன், "மல்லிகா டீச்சர் தவறிட்டாங்க பெரியய்யா. மஞ்சக்காமாலையாம்" என்றார். பூட்டைக் கழற்றாமல் நின்றுவிட்டேன்.

மறுநாள் செயலாளர், கம்ப்யூட்டரில் இருந்து அவர் பெயரை எடுத்துவிடச் சொன்னார். எடுக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. கூட்டத்தில் பேச எனக்கு வராது. எழுத்துக் கற்றது போன வருடம்தான். ஆகவே மெதுவாக எழுதிக்கொண்டு வந்து வாசிக்கிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டீச்சர் கமுதிப் பக்கம் மிளகாய் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் கற்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வாலிநோக்கம் வந்து, நம் உறுப்பினர் விவரங்களுக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தார். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க முதலில் தம் பெயரையே போட்டார். அடுத்து என்னைக் கூப்பிட்டார்.

அறுபது நிறைந்தவர்களை உப்புச் சுமக்க விடுவதில்லை என்பது நம் சங்க வழக்கம். எனக்கோ சுமையை விட மனமில்லை.

"வயசு என்ன பெரியய்யா?"

"அம்பத்தஞ்சு போட்டுக்க தாயி."

போட்டார். எனக்குப் பின்னால் நின்ற என் தம்பி காளிமுத்து, தான் பிறந்த வருடத்தை ஒழுங்காகச் சொல்லிவிட்டான். டீச்சர் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"பெரியய்யா, தம்பி உங்களுக்கு அண்ணனாயிட்டாரு."

"ஏலே, இனிமே என்னைய அண்ணேன்னு கூப்பிடு" என்றான் காளிமுத்து.

"அதெப்படித் தாயி? நான் வயசைத்தான சொன்னேன்?"

"வயசை எங்கயும் எழுதி வைக்கல பெரியய்யா. பிறந்த வருசம் மட்டுந்தான் உள்ள இருக்கு. வயசு என்னன்னு கேட்டா, அப்ப நடக்குற வருசத்துல இருந்து அதைக் கழிச்சுப் பாத்துச் சொல்லும். அதுக்குப் பேரு கெட்டர். வயசு இதுன்னு நாம போட்டா, அதுக்குத் தக்கன பிறந்த வருசத்தை மாத்திரும். அதுக்குப் பேரு செட்டர்."

எனக்குத் தலை சுற்றியது. எழுதி வைக்காததை ஒரு பெட்டி எப்படி வாசிக்கும்?

"நான் ஒன்னச் சொன்னா, எங்காத்தா என்னைப் பெத்த வருசம் மாறிருமா? அவ ஒரு தடவதான பெத்தா!"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "உங்க தில்லுமுல்லுக்கு எடம் குடுத்தது அந்தச் செட்டர்தான். எடுத்திர்றேன். இனி வயசைக் கேக்கலாம், திருத்த ஏலாது. பிறந்த வருசத்தைச் சொல்லுங்க."

சொன்னேன். அறுபதைத் தாண்டியிருந்தது. சுமை போயிற்று, சங்கத்துச் சாவி வந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் எழுத்துக் கற்றேன். அதற்காகவும் அவரைக் கும்பிடுகிறேன்.

அதன் பிறகும் வரும்போதெல்லாம் பொறுமையாக விளக்குவார்.

"இப்பவாச்சும் பிடிபட்டுச்சா?"

"பாதி."

"எந்தப் பாதி?"

"அதான் தாயி தெரியல."

நேற்று கண்ணனிடம் அவர் விவரத்தைத் திறக்கச் சொன்னேன். மல்லிகா என்று எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன். பக்கத்தில் வயது நாற்பத்திரண்டு.

"வருசம் பிறந்தா நாப்பத்திமூணு காட்டும் பெரியய்யா. அதான் செயலாளர் எடுக்கச் சொல்றாரு."

"செத்தவங்களுக்கு வயசு ஏறுமாப்பா?"

"கம்ப்யூட்டருக்கு அது தெரியாதுல்ல. நிறுத்த டீச்சர் வழி வைக்கல."

செயலாளர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இல்லாதவருக்கு வயது ஏறுவது எனக்கும் குழப்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குத் திரும்பிப் போகும்போது டீச்சர் விளக்கியதில் மிச்சப் பாதி பிடிபட்டது. அந்த நாற்பத்து மூன்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. யாராவது கேட்டால்தான் வரும். கேட்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

நான் இருக்கிறேன். அந்தப் பெயரை எடுக்க வேண்டாம்.

வருடம் பிறந்ததும் கண்ணன் பக்கத்தில் போய் நின்று, டீச்சருக்கு வயது என்ன என்று கேட்பேன். பெட்டி கழித்துப் பார்த்துச் சொல்லும். நானே வாசித்துக்கொள்வேன்.

போய் வாருங்கள், தாயி.