கட்டிப்பிடிக்கக் கூடாத மீன்

தாராவியில் தோல் பை தைப்பவன் நான். தூண்டில் வைக்க நீளப் பைகள் வேண்டுமென்று ஒரு மீன்பிடி கிளப் எங்கள் பட்டறைக்கு ஆர்டர் கொடுத்தது. அந்தப் பழக்கத்தில் ஞாயிறுதோறும் அவர்களோடு கர்ஜத் பக்கம் ஆற்றுக்குப் போக ஆரம்பித்தேன். போன பிறகுதான் அவர்கள் சட்டம் தெரிந்தது. பிடித்த மீனை அளந்து எழுதிக்கொண்டு, ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். ஆற்றில் மீன் குறையாமல் இருக்க வேண்டுமாம்.

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் பாண்டுப்பில் இருக்கும் என் மனைவியின் அண்ணனுக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி. ஏற்கெனவே நாலு வாரம் வெறுங்கையோடு திரும்பியவன் நான். "மாப்ள புழுவக் குளிப்பாட்டத்தான் அம்புட்டு தூரம் போறாரு" என்று சிரித்த மனுஷன் அவர். ரோஷத்தில், "அடுத்த ஞாயிறு சாப்பிட வாங்க மச்சான், நானே பிடிச்ச மீனு" என்று வாயை விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு நிஜமாகவே மாட்டியது. முழங்கை நீளக் கெண்டை, செதில் ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசு அளவு. நழுவப் பார்த்ததும் பதறிப்போய் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். மீனைக் கட்டிப்பிடிக்கக் கூடாது என்று கிளப்காரர் இந்தியில் கத்தினார். அளந்ததும், அதற்கு மூச்சு திரும்பும்வரை ஓட்டத்துக்கு எதிராகத் தண்ணீரில் பிடித்திருக்கச் சொன்னார். வீட்டில் மனைவி மசாலா அரைத்து வைத்திருப்பாளே, பைக்குள் போட்டுவிடலாமா என்று மனசு அலைந்தது. அதற்குள் மீன் வாலை ஓர் அடி அடித்துவிட்டுப் போய்விட்டது. சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

திரும்பும் வழியில் மார்க்கெட்டில் சீலா மீன் வாங்கினேன். பழக்கதோஷத்தில் துண்டு போட்டுத் தரச் சொல்லிவிட்டேன்.

என் மனைவி தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவள். பையைத் திறந்து பார்த்தாள். "ஏங்க, ஆத்துல சீலா வருதா? அதும் துண்டு போட்டே வருதா?"

உண்மையைச் சொன்னேன். ஆதாரத்துக்கு இருந்த ஒரே போட்டோவில் என் முதுகும் கொஞ்சம் தண்ணீரும்தான் தெரிந்தன. "நல்லா புளுகுதீரு மாப்ள" என்றார் சாப்பிட வந்திருந்த மச்சான். அவமானத்தில் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

குழம்பு ஊற்ற வந்த மனைவி என் சட்டைப் பொத்தான் பக்கத்தில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டி எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அண்ணே, சீலாவுக்கு ஏது இம்புட்டுப் பெரிய செதிலு? இவுக புடிச்சது நெசந்தான்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மச்சான் அந்தச் செதிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கைக்கு வந்தத எவனாச்சும் விடுவானா?"

அதுவரை என்னைப் புளுகன் என்றவர், அன்றிலிருந்து கிறுக்கன் என்கிறார்.