இரண்டு நாளைக்கு வாங்கிய தராசு

பிரசவ வார்டு ஆயாம்மா ரத்தத் துணியைக் கிலோக் கணக்கில் விற்கிறாள் என்று ஊரில் ஒரு பேச்சு. சலூனில் கேட்டபோது கிலோ. இரண்டு கடை தள்ளித் தேநீர்க் கடைக்கு வருவதற்குள் மூட்டையாகிவிட்டது. வாங்குகிறவர் யார் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு. மருந்துக் கம்பெனி என்றார் ஒருவர். மந்திரவாதி என்றார் இன்னொருவர். ரெண்டும் ஒண்ணுதான் என்றார் கல்லாவில் இருந்தவர்.

யாரைக் கேட்டாலும் கடைசியில் ஒரே சாட்சியைக் கைகாட்டினார்கள்: ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் பழக்கடைக்காரர்.

"விக்கிறத நான் பாக்கல," என்றார் அவர், நேர்மையாக. "ஆனா எடை போடுது. என் எலக்ட்ரானிக் தராசுலதான் போடுது. ரெண்டு நாளைக்குக் குடுங்கண்ணேன்னு வாங்கிட்டுப் போச்சு. பதினோரு மாசம் ஆச்சு."

"திருப்பிக் கேக்கலையா?"

"கேக்காம? ரெண்டு நாள்ல தரேன்னுச்சு."

அன்றிலிருந்து பழைய கைத்தராசில்தான் ஆரஞ்சு நிறுக்கிறார். வாங்க வருகிறவர்கள் அதன் முள்ளை, புது மருமகனைப் பார்க்கும் மாமனார் மாதிரி முறைக்கிறார்களாம். இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று, மனைவியைக் கடையில் உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

பிரசவ வார்டுக்குப் பின்னால், நடையின் கோடியில் கழுவும் அறை. வெள்ளை ஓடு பதித்த சுவர், இரண்டு குழாய், வரிசையாகக் கவிழ்த்த வாளிகள். ஜன்னலோர மேடையில் தராசு. ஆயாம்மா கையுறையோடு நின்றிருந்தார். ஐம்பதைத் தொடும் வயது, ஒற்றை நாடி உடம்பு. ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குப் பெயர் பளிச்சம்மா. அவர் வீட்டுக்காரர் காபியைக் குடித்து முடிப்பதற்குள் டம்ளர் கழுவிக் காய்ந்துகொண்டிருக்கும் என்பார்கள்.

"ரத்தத் துணியை எடை போடுறீங்களாமே?" என்று கேட்டேன்.

"ஆமா. கிலோ என்ன வெலைக்குப் போகுதாம் வெளிய? எனக்கும் சொல்லுங்க, வேலைய விட்டுடறேன்."

பிறகு, கையில் இருந்த வேலையை நிறுத்தாமலே சொன்னார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தையல்காரப் பெண் ஒருத்திக்குப் பிரசவம். குழந்தை நலம். தாய்க்கு ரத்தம் கொட்டவில்லை, கசிந்துகொண்டே இருந்தது. பேட் நனைய நனைய ஆயாம்மா எடுத்துப் போட்டுவிட்டுப் புதிது வைத்தார். காலை நர்ஸ் வந்து பார்த்தபோது சுத்தமான பேட். மதியம் ஆள் மாறி வந்த நர்ஸ் பார்த்தபோதும் சுத்தமான பேட். இருவரும் நார்மல் என்று எழுதினார்கள். அதற்குள் ஒன்பது பேட் குப்பை வாளிக்குப் போயிருந்தது. சாயங்காலம் அந்தப் பெண் தண்ணீர் கேட்டு, வாங்கிக் குடிக்க முடியாமல் சாய்ந்தாள். உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கர்ப்பப்பையைக் காப்பாற்ற முடியவில்லை.

"நான் பளிச்சுனு வெச்சதுதான் அவங்க கண்ண மறைச்சது சார். மொத்தத்தையும் பாத்தவ நான் ஒருத்திதான். நான்தான் தூக்கிப் போட்டுக்கிட்டே இருந்தேன்."

துணியை எடை போட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்றாராம் டாக்டரம்மா. நனைந்த எடையில் காய்ந்த எடையைக் கழித்தால் மீதி ரத்தம். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி. தராசு கேட்டு அலுவலகத்துக்கு எழுதினார்கள். துணியை எடை போட வேண்டிய அவசியம் என்ன, விளக்குக என்று பதில் வந்தது. விளக்கினார்கள். விளக்கம் தெளிவாக இல்லை என்று அடுத்த பதில் வந்தது. குழந்தைகளை நிறுக்கும் தராசில் இதை வைக்க நர்ஸ் சம்மதிக்கவில்லை. அதனால்தான் பழக்கடை.

"அது சரிம்மா," என்றார் பழக்கடைக்காரர். "எல்லாம் நல்ல காரியந்தான். ஆனா பொழப்புன்னு ஒண்ணு இருக்குல்ல? இன்னிக்கு எடுத்துட்டுப் போறேன்."

"ரெண்டு நிமிஷம் இருங்கண்ணே. உள்ள வெல்டர் சம்சாரம் இருக்கு, மொதப் பிரசவம், ஒரு மணி நேரந்தான் ஆச்சு. இன்னும் கசியுது. நாலு பேட் ஆயிடுச்சு."

நான்கையும் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தட்டில் வைத்தார். நானூற்று ஐம்பது. பேட் ஒன்றுக்கு நாற்பது வீதம் நூற்று அறுபதைக் கழித்து, சுவர் ஓட்டில் நீலச் சாக்பீஸால் 290 என்று எழுதினார். நர்ஸ் கதவோரம் எட்டிப் பார்த்தார்.

"எவ்ளோ?"

"எரநூத்தித் தொண்ணூறு சிஸ்டர்."

"நாடி கொஞ்சம் வேகமா இருக்கு. முந்நூறு தாண்டினா உடனே சொல்லு. டாக்டரக் கூப்பிடணும்." நர்ஸ் திரும்பினார்.

"அந்த எடை தப்பு," என்றார் பழக்கடைக்காரர்.

மூன்று பேரும் அவரைப் பார்த்தோம். அவர் தராசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தட்டு செவுத்துல முட்டுது பாருங்க. பாதிக் கனத்த செவுரு தாங்குது. கொறைச்சுத்தான் காட்டும். யாரு இத நகத்துனது?"

ஆயாம்மாவின் முகம் மாறியது. "காலைல மேடையத் தொடச்சேன்," என்றார் மெல்ல.

பழக்கடைக்காரர் பையைத் தூக்கச் சொல்லி, தராசை ஒரு சாண் முன்னால் இழுத்தார். நான்கு காலும் உட்கார்ந்ததா என்று தட்டிப் பார்த்து, பூஜ்யம் காட்டும்வரை காத்திருந்து, "இப்ப வைங்க," என்றார்.

எழுநூறு.

கழிப்பதற்கு முன்பே நர்ஸ் ஓடிவிட்டார். ஆயாம்மா 290ஐ அழித்து 540 என்று எழுதிவிட்டுப் பின்னாலேயே ஓடினார்.

நடையில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். டாக்டரம்மா வேகமாகக் கடந்து போனார். கதவுக்கு அப்பாலிருந்து குரல்கள் மட்டும் வந்தன: வயிற்றின் மேல் கைவைத்துக் கர்ப்பப்பையை அழுத்தித் தேய்க்கச் சொல்லி, ஊசி கேட்டு, இன்னொரு கையிலும் டிரிப்ஸ் ஏற்றச் சொல்லி, சிறுநீரை வெளியேற்றச் சொல்லி, எங்காவது கிழிந்திருக்கிறதா பார்க்க விளக்கைத் திருப்பச் சொல்லி. யாரும் கத்தவில்லை. வெல்டர் பெஞ்சில் உட்கார்ந்து, தன் செருப்பு வாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"தட்டு முட்டினா கொறையும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"பழைய அட்டைப்பெட்டி எடுக்கறவன் என்கிட்ட வாங்கும்போது செய்வான்," என்றார். கொஞ்சம் யோசித்து, "நான் செய்யறதில்ல," என்று சேர்த்துக்கொண்டார். நான் கேட்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து ஆயாம்மா ஒரே ஒரு பேட்டோடு வந்தார். நிறுத்தார். ஐம்பத்தைந்து. கழித்தால் பதினைந்து. அதையும் எழுதினார்.

"நின்னுடுச்சு. கர்ப்பப்பை கல்லு மாதிரி இறுகிடுச்சாம். தண்ணி கேட்டுது, குடிச்சுது," என்று வெல்டரிடம் சொன்னார். வெல்டர் இரண்டு செருப்பையும் விட்டுவிட்டு எழுந்து நின்றார்.

பழக்கடைக்காரர் தராசின் ஒயரைக் கையில் பிடித்திருந்தார். பிடுங்கவில்லை.

"அண்ணே, ரெண்டு நாள்ல..."

"நீ தொடைக்கும்போது நகத்துவ. அதான் என் கவலை."

இது நடந்து மூன்று மாதம். அலுவலகம் இன்னும் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறது. பழக்கடைக்காரர் தினமும் கடை திறக்குமுன் கழுவும் அறைக்குப் போய், ஒரு கிலோ படிக்கல்லை வைத்துச் சரிபார்த்துவிட்டு வருகிறார். அவர் காலைதோறும் அங்கே போய்வருவதைப் பார்த்த ஊர், துணி வியாபாரத்தில் அவரும் கூட்டு என்று முடிவு கட்டிவிட்டது. சலூனில் இப்போது லாரிக் கணக்கில் போகிறது.

நேற்று அவரிடம் ஆரஞ்சு வாங்கினேன். முள்ளை முறைத்தேன்.

"எப்பதான் தரப்போறாங்களாம்?"

"கேட்டிருக்கேன்," என்றார். "ரெண்டு நாள்."