குஷ் ராசாவின் குதிரைகள்

அன்று லாயத்தில் கிழவர் இருந்தார், சக்கர நாற்காலியில். அவருடைய மகள் நின்றாள். சூடான்காரன் நின்றான். நான் நின்றேன். பிறகு குதிரைகள், விலா எலும்பு தெரிய.

டென்மார்க்கில், இக்காஸ்டில் துணி ஆலை மூடியபிறகு கிழவரின் பண்ணையில் லாயம் கூட்டினேன். சூடான்காரனும் அதே வேலைதான். ஆலையில் எங்கள் ஆட்களோடு நின்றவன். தமிழில் ‘அண்ணை’ மட்டும் தெரியும். மற்றதெல்லாம் டேனிஷ்.

கிழவர் பணக்காரர். தீனி அளந்துதான் கொடுப்பார். கூடப் போட்டால் கத்துவார். சூடான்காரனுக்கு அது பொறுக்கவில்லை. அன்று கிழவரிடமே கதை சொன்னான்.

“எங்கட பக்கம் முந்தி குஷ் எண்டு ஒரு நாடு. அந்த ராசா எகிப்தைப் பிடிச்சவர். ஒரு பட்டணத்தை வளைச்சு நிண்டார். அது பணிஞ்சுது. தோத்த ராசாவின்ர பெண்டுகளை அவர் திரும்பியும் பாக்கேல்லை. நேரே லாயத்துக்குப் போனார். குதிரையள் பட்டினி. நீ செய்ததில இதுதான் பெரிய குற்றம் எண்டு ஏசினாராம்.”

கிழவர் சிரித்தார். “செத்தாப்பிறகு அவருக்கு என்ன செய்தவை?”

“கட்டிலில கிடத்திப் புதைச்சு மேல பிரமிட் கட்டினவை. அவற்ற குதிரையள் நாலையும் சாகடிச்சு, நிண்டபடி தாட்டவை. கழுத்தில மணியெல்லாம் போட்டு.”

“என்னட்டையும் நாலுதான்,” என்றார் கிழவர். பிறகு மகளிடம், “ஸ்கால் மெட்.” குதிரைகளும் கூட வரவேண்டும் என்று அர்த்தம். எங்கே என்று டேனிஷில் சொல்லத் தேவையில்லை.

அடுத்த கிழமை அவர் பிரெடெரிசியாவில் மகள் வீட்டுக்குப் போக இருந்தார். அங்கே நல்ல புல்.

“அண்ணை, தப்பிட்டுதுகள்!” சூடான்காரன் என் முதுகில் அடித்தான்.

“உன்ர ராசா கெட்டிக்காரன்தான்,” என்றேன்.

கிழவர் போகவில்லை. அதற்குள் செத்துவிட்டார். அடக்கத்தன்று காலை மகள் துவக்கோடு ஒருவனைக் கூட்டி வந்தாள்.

“அப்பா சொன்னதை நீங்களும் கேட்டனீங்கள்தானே.”

“ஒண்டையாவது எனக்குத் தாங்கோ,” என்றான் சூடான்காரன்.

“எங்கை கட்டுவாய்? உன்ர ஃபிளாட்டிலயோ?”

குதிரையைப் புதைக்கச் சட்டம் விடாது. ஏற்றிப்போக லொறி நின்றது. அவை அடங்குவது சூடான்காரனுக்குத்தான். அதனால் கயிறு பிடிக்கச் சொன்னார்கள். கடைசிக் கிழட்டுக் குதிரை விழுந்து, திரும்ப எழும்பியது. அவன் கயிற்றை விடவில்லை.

மணி ஒன்றும் போடவில்லை.

குதிரை நாலு. வெடி ஐந்து.