ஏழு சிலிண்டரும் எரிந்த நாள்

ஹனோவருக்கு வெளியே ஒரு சிறிய விமானத்தளத்தில், பழைய விமானங்களைத் திருத்திப் பறக்கவிடும் சங்கம் ஒன்று இருந்தது. இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதியில் அதில் சேர்ந்தேன். வாரநாட்களில் தொழிற்சாலையில் கடைசல் வேலை, சனிக்கிழமைகளில் அங்கே. சங்கத்தின் ஒரே பெண்ணும் ஒரே தமிழரும் நான்தான்.

எங்களிடம் இருந்த இரட்டை இறக்கை விமானத்தில், முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் செய்த எஞ்சின். ரேடியேட்டரும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஏழு சிலிண்டர்கள் நட்சத்திரம்போல வட்டமாக விரிந்து நிற்கும். எதிர்க்காற்றே அவற்றைக் குளிர்விக்கும். உதிரிப்பாகம் எங்கும் கிடைக்காது. வால்வுகள் ஏறியிறங்கும் குழாய்கள் தேய்ந்துபோயிருந்தன; அவற்றுக்குப் பதிலாக வெண்கலத்தில் புதியவற்றைக் கடைந்தேன். அதிலேயே சில குளிர்காலங்கள் போயின.

"பிளேன் சத்தம் கேட்டாப் பங்கருக்குள்ளை ஓடின ஆள் நீர்," என்றார் கணவர். அவரும் என்னைப்போல் யாழ்ப்பாணம்தான்; போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்கு ஒளிந்த பதுங்குகுழிகளை அவரும் அறிவார். "இப்ப நீரே அதை ஸ்டார்ட் பண்ணப் போறீரோ?"

"ஓம். இந்தச் சத்தம் என்ரை கையாலை வரட்டும். வந்து பாருங்கோ."

வந்தார். அன்று எஞ்சின் பிடித்தது, ஆனால் நொண்டியது. சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற விமானி, நிறுத்தச் சொன்னார். ஏதோ ஒரு சிலிண்டர் எரியவில்லை. நான் போத்தலிலிருந்து ஒவ்வொன்றின் மேலும் இரண்டொரு துளி தண்ணீர் விட்டேன். மற்றவை சுர்ரென்றன. அடிச் சிலிண்டரில் மட்டும் துளி சும்மா வழிந்தது; அது சூடாகவே இல்லை. அதன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினோம். எண்ணெயில் ஊறிக் கிடந்தன. நின்ற எஞ்சினில் எண்ணெய் அடிக்கு இறங்கித் தேங்கியிருந்தது. வடித்து, துடைத்து, மறுபடி பூட்டினோம்.

"சுவிட்ச் உங்களுடையது," என்று தலைவர் என்னை விமானி இருக்கையில் ஏற்றிவிட்டு, புரொப்பெல்லரைக் கையால் இழுத்துவிட்டார். இருமியது, நீலப்புகை கக்கியது. பிறகு ஏழும் ஒன்றாக முழங்கின. இருக்கை அதிர்ந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. உள்ளே துளியும் பயமில்லை.

கோடையில், சோதனைப் பறப்புகள் முடிந்ததும், முதல் பயணியாக என்னை ஏற்றினார்கள். கீழே கால்வாய், கோதுமை வயல்கள், எறும்புபோல் கார்கள். காற்று முகத்தில் அறைந்தது. நான் கடைந்த வெண்கலம் எனக்கு முன்னால் வேலை செய்துகொண்டிருந்தது.

இறங்கியபோது கணவர் ஓடிவந்து என் தலையிலிருந்த தோல் தொப்பியைக் கழற்றினார்.

"என்னப்பா செய்யிறியள்?"

"தலைவரிட்டைக் கேட்டிட்டன்," என்று அதைத் தன் தலையில் மாட்டினார். "அடுத்தது நான்."