மாமாவின் இலையில் கறி

தன் மகளின் காதுகுத்து விருந்தில் அம்மாசி மாமா கறியை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து போனதை பாலு ஏழு வருஷமாக மனசில் வைத்திருந்தான். அக்கா தேவானையைக் கட்டியவர் என்று முதல் இலையே அவருக்குத்தான் போட்டார்கள். ரசத்தை ஊற்றிக்கொண்டு, "கறி ஒத்துக்கல நைனா" என்றார்.

"எங்கூட்டு ஆடு மட்டும் ஒத்துக்காதா மாமா?" என்றான் பாலு. பந்தியே சிரித்தது. அதன் பிறகு அவன் அக்கா வீட்டுப் படி ஏறவில்லை.

கிண்டியில் மான் திரியும் ஒரு வளாகத்தில் மாமாவுக்குப் புல் வெட்டும் வேலை. அந்த விருந்துக்குக் கொஞ்ச நாள் முன்பு தொடையில் உண்ணி கடித்தது. பிய்த்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். அன்றிலிருந்து ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ தின்றால், நாலைந்து மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டும். போன வருஷம்தான் மயிலாப்பூரில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, உண்ணிக்கடியால் வந்த அலர்ஜி என்றார். அக்கா போனில் சொன்னபோது பாலு "சரி" என்று மட்டும் சொன்னான்.

இப்போது மாமாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் கஞ்சி டம்ளரோடு பாலு உட்கார்ந்திருந்தான். அழுகை வரவில்லை.

"நா போனப்புறம் பதினாறாம் நாளு மச்சான் மொறைக்கு நீதான கறி எடுப்ப?" என்றார் மாமா.

"இன்னா பேச்சு மாமா இது? கஞ்சியக் குடி."

"படையல்ல நல்லி எலும்பா பாத்து வையி நைனா. அப்ப எனக்கு ஒண்ணியும் ஆவாது."