தம்பி சிகரெட்டை விட்டுவிட்டதாக நினைத்தேன்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் நானும் அம்மாவும் தம்பி ரமணனும் இருக்கிறோம். கம்பஸில் படிக்கும் அவன் சிகரெட் பிடிப்பது எங்களுக்குத் தெரியும். போன தடவை அரசாங்கம் சிகரெட் விலையை ஏற்றியபோது, "இனி வாங்க ஏலாது அக்கா, விட்டிட்டன்" என்றான். விலையை ஏற்றியவர்களை அம்மா வாயார வாழ்த்தினார்.

ஒரு ஞாயிறு காலை அவனுடைய அறையிலிருந்து துணி கருகும் மணம் வந்தது. கதவைத் தள்ளினேன். அம்மா வரும் சத்தம் கேட்டு யன்னலோரம் அவன் அணைக்காமல் ஒளித்துவைத்த பீடியிலிருந்து திரைச்சீலை பற்றியிருந்தது. வெறுங்கையால் அடித்துக்கொண்டிருந்தான். நான் வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்தேன்.

கைக்கு மருந்து பூசும்போது ஏச நினைத்தேன். அதற்குள் அவனே சொன்னான்: "பீடி மலிவு அக்கா. விடத்தான் பார்த்தனான். பின்னேரமானா கை நடுங்குது. உங்களிட்டச் சொல்ல வெட்கமா இருந்தது."

விலை ஏறினால் பழக்கமும் போய்விடும் என்று நம்பி, அதன்பிறகு நான் அவனிடம் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.

மறுநாள், பழக்கத்தை விட உதவி கேட்டு அவனை டொக்டரிடம் கூட்டிப்போனேன். இப்போது வேலை முடிந்து வந்ததும் அவனோடு கடற்கரையில் நடக்கிறேன். "இண்டைக்கு எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்பேன். சில நாட்களில் "கஷ்டம்" என்பான். அன்றைக்கு இன்னும் கொஞ்சத் தூரம் நடப்போம்.