கரை போட்ட அட்டைகள்

போன வருஷம் அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம், காஞ்சிபுரத்தில் நான் அறிவியல் டீச்சராக இருக்கும் பள்ளியில் நடந்தது இது. ஓவிய ஆசிரியர் போனபின் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. தாள், வண்ணம் வாங்க வரும் நிதியும் நின்றுவிட்டது. அந்தப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடலாம் என்றார் தலைமையாசிரியை. ஏதோ ஒரு வேகத்தில், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் காக்கா வரைந்தால் கோழி மாதிரி இருக்கும்! பெற்றோரிடமிருந்து ஒரே ஒரு புகார் வந்தாலும் பீரியடு கணக்குக்குத்தான் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். அன்றைக்கே எனக்கு உதறல் ஆரம்பித்துவிட்டது.

தாளுக்கு எங்கே போவது? வீட்டில் வேண்டாத அட்டை இருந்தால் கொண்டுவாருங்கள் என்றேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பரணில் சும்மா கிடந்ததென்று ஒரு கட்டு தறி அட்டை கொண்டுவந்தாள். புடவையில் டிசைன் விழுவதற்காகத் தறிக்கு மேலே மாட்டுவார்களே, ஓட்டை ஓட்டையாக இருக்கும் நீள அட்டை, அதுதான். கோத்திருந்த நூலை நானே அறுத்து, முதல் பெஞ்சிலிருந்து வரிசையாக ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். பிள்ளைகள் கிரேயான் துண்டுகளை வைத்தே அமர்க்களம் செய்துவிட்டார்கள். ஒருவனுக்கு ஓட்டை மயிலின் கண், இன்னொருத்திக்கு மழைத்துளி. எதை வரைந்தாலும் ஓரத்தில் கரை போடாவிட்டால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் படம் முடிந்த மாதிரியே இருக்காது. அழுத்தி அழுத்திக் கரை போட்டார்கள்.

மறுநாள் காலை அந்த மாணவியின் அம்மா மூச்சிரைக்க வந்து நின்றார்.

"டீச்சர், அது முந்தானை அட்டை! பொடவையோட உடல் நெய்யற வரைக்கும் பரண்லதான் கெடக்கும். நாளைக்குத் தறியில ஏத்தணும்மா. கல்யாணப் பொடவை."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெட்டாமல் இருந்தது ஒன்றுதான் ஆறுதல். கத்தரிக்கோல் வாங்க வழியில்லாத பள்ளி என்பது அன்று நல்லதாகப் போயிற்று. ஆனால் வரிசை எண் எழுதியிருந்தது அட்டையின் ஓரத்தில். அதன் மேல்தான் கரை. ஒரு அட்டை இடம் மாறினாலும் டிசைன் கெட்டுவிடும் என்று அந்த அம்மா கண்கலங்கினார்.

மகள்தான் தேம்பிக்கொண்டே சொன்னாள். "டீச்சர், நேத்து உக்காந்த மாதிரியே நின்னா?"

அவரவர் படத்தோடு பிள்ளைகள் மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். அந்த அம்மா ஊசியும் நூலுமாகக் கோத்துக்கொண்டே போனார். கடைசியில் ஒன்று குறைந்தது. பைகளையெல்லாம் கொட்டிப் பார்த்தாயிற்று, கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை வந்தார்.

"என்னம்மா, ஏதாவது புகாரா?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"இல்ல மேடம். புள்ளைங்க வரைஞ்சத பாக்கலாம்னு வந்தேன்."

தலைமையாசிரியை தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மிஞ்சிய கடைசி அட்டையில் நேற்று நானும் வரைந்திருந்தேன். பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்களே என்று கைப்பைக்குள் திணித்துவைத்திருந்தேன். கூசிக்கொண்டே எடுத்து நீட்டினேன்.

"இது என்னா டீச்சர், கோழியா?"

"காக்கா..."

அதுவரை கலங்கிப்போயிருந்த அந்த அம்மா சிரித்துவிட்டார். "எங்க வூட்ல பழைய அட்டை நெறைய இருக்குது. கேட்டா குடுக்க மாட்டனா?" என்றபடி என் காக்காவையும் கடைசியாகக் கோத்து எடுத்துப் போனார்.

முந்தானை நல்லபடியாக விழுந்ததாம். ஓவியப் பீரியடும் பிழைத்துக்கொண்டது. நிதி மட்டும் இன்னும் வரவில்லை, என் உதறலும் முழுசாகப் போகவில்லை. ஆனால் வெட்கப்பட்டு நான் ஒளித்த ஒரு அட்டையால் ஒரு தறியே நிற்க இருந்ததை நினைத்து, இப்போதெல்லாம் என் கோழிக் காக்காக்களையும் பிள்ளைகளின் படங்களுக்கு நடுவிலேயே சுவரில் ஒட்டிவிடுகிறேன்.